பொது மனநல ஆய்வில் பிஎச்டி: உதவித்தொகையோடு படிக்க எங்கெல்லாம் வழி இருக்கிறது?

செங்காந்தள் (இழையைத் தொடங்கியவர்):

எல்லாருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநலச் சமூகப்பணியாளராக வேலை பார்க்கிறேன். படித்தது எம்.எஸ்.டபிள்யூ., மருத்துவ மனநலப் பிரிவு. ஒப்பந்தப் பணிதான். தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மனநல மருத்துவரோடு முறை வைத்துப் போவோம்.

பல நாளாக ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் முகாமுக்கு முதல் தடவை வருகிறவர்களில் நிறையப் பேர் நாலைந்து மாதத்தில் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம். "இப்போ நல்லாத்தானே இருக்கான், மாத்திரை எதுக்கு" என்பார்கள். இன்னொரு வீட்டில் ஒரு நாள் கூலி போகிறது என்பார்கள். மருமகள் மாத்திரை போட்டால் தூங்கிக்கொண்டே இருக்கிறாள், சமைக்க ஆளில்லை என்று ஒரு மாமியார் சொன்னார். எங்கள் மாதாந்திர அறிக்கையில் இதற்கெல்லாம் இடமே கிடையாது. புதிய நோயாளி எத்தனை, பழைய நோயாளி எத்தனை, அவ்வளவுதான்.

இதை முறையாக ஆராய்ந்து பிஎச்டி செய்ய வேண்டும் என்று ஆசை. ஆனால் வீடு என் சம்பளத்தை நம்பித்தான் ஓடுகிறது. நான்கு வயதில் மகள் இருக்கிறாள். கையிலிருந்து பணம் போட்டுப் படிக்க வழியில்லை. இணையத்தில் தேடினால் மருத்துவ உளவியலும் மூளை நரம்பியலும்தான் வருகின்றன. என்னைப் போன்றவர்களுக்கு நிதியோடு இடம் எங்கே கிடைக்கும்? உள்ளூரிலா, வெளிநாட்டிலா? இதே பாதையில் போனவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

தங்கச்சி, உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி இருக்கிறது. பிஎச்டியில் பாதி வேலை அதுதான்.

பெங்களூருவின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. தமிழ்நாடும் அதில் உண்டு. வயது வந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. பாதிப்பின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு பேர் சிகிச்சை பெறாமல் இருந்தார்கள். இந்த இரண்டு எண்களையும் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்த இடைவெளியைத் தாண்டி உள்ளே வந்து, பிறகு நழுவிப் போனவர்களைப் பற்றிய பேச்சு குறைவு. நீங்கள் தினமும் பார்ப்பது அவர்களைத்தான்.

இப்போது பணம். இந்தியாவுக்குள் முதல் வழி யுஜிசி நெட், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன் சுழற்சி, டிசம்பர் சுழற்சி. உங்களுக்குச் சமூகப்பணியே ஒரு பாடமாக இருக்கிறது. சமூக மருத்துவமும் சமுதாய நலமும் என்று இன்னொரு பாடமும் உண்டு, பொதுச் சுகாதாரம் படித்தவர்கள் அதை எழுதுவார்கள். அதன் வழியாக ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனதும் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. வயது வரம்பு 30. பெண்களுக்கும், ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து வருடம் தளர்வு உண்டு. அதனால் வயதைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள்.

ஜேஆர்எஃப் கிடைக்காமல் போனாலும் தேர்வு வீணாகாது. 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். மூன்றாவது வகை பிஎச்டி சேர்க்கைக்கு மட்டுமானது. அதில் நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கு. ஆனால் அந்த வகையில் பணம் வராது. அப்படிச் சேர்கிறவர்களுக்கு நிறுவனத்தின் சொந்த உதவித்தொகையோ, கைடின் புராஜெக்டோ கைகொடுக்க வேண்டும்.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். இந்த மாதிரி உதவித்தொகைகள் மாதாமாதம் முதல் தேதி வரும் என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம். சில மாதத்துப் பணம் சேர்ந்து ஒரே தடவையாக வரும். நான் படித்த காலத்தில் நண்பர்கள் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துத்தான் ஓட்டினோம். குழந்தையோடு இருப்பவர் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது.

எங்கே சேர்வது என்றால், பொது மனநலத்துக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது பெங்களூரு நிம்ஹான்ஸ். மனநலச் சமூகப்பணித் துறையும், நோய்கள் மக்களிடையே எப்படிப் பரவியிருக்கின்றன என்று ஆராயும் கொள்ளைநோயியல் துறையும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. உங்கள் கேள்விக்கு இரண்டும் வேண்டும். அடுத்து திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், டெல்லி ஜேஎன்யூவில் சமூக மருத்துவ மையம், மும்பையில் டிஸ் என்கிற டாடா சமூக அறிவியல் நிறுவனம். சென்னை அயப்பாக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் தேசியக் கொள்ளைநோயியல் நிறுவனம் இருக்கிறது. மனநலம் அவர்களுடைய முதன்மைப் பொருள் இல்லை என்றாலும், ஊர் ஊராகப் போய் ஆய்வு செய்யும் முறையை அங்கே கற்றுக்கொள்வது மாதிரி வேறெங்கும் கற்க முடியாது என்பது என் கருத்து.

கொடிமுல்லை:

வைகைக்கரை அண்ணன் சொன்னது சரி, ஆனால் தேர்வு வழியே ஒரே வழி என்று ஆகிவிடக் கூடாது. எங்கள் துறையில் நிதியோடு பிஎச்டி செய்தவர்களில் கணிசமானவர்கள் புராஜெக்ட் வழியாக வந்தவர்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பெரிய ஆய்வுக்கு வெளியிலிருந்து நிதி வருகிறது என்று வையுங்கள். அதில் கள ஒருங்கிணைப்பாளர், ஆராய்ச்சி உதவியாளர் என்று வேலைகள் இருக்கும். சில ஆய்வுகளில் பிஎச்டி இடமும் அதற்கான பணமும் முதலிலேயே திட்டத்துக்குள் எழுதப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் பொது விளம்பரமாக வருவதற்கு முன்பே உள்ளே வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். சிபாரிசு என்று இதை நான் சொல்லவில்லை. ஒருவர் கிராமத்தில் உட்கார்ந்து ஒரு குடும்பத்தோடு பேசுவதை நேரில் பார்த்தவருக்கு, அவரை நம்பி நான்கு வருட வேலையைக் கொடுப்பது சுலபம்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சென்னையின் ஸ்கார்ஃப், மனச்சிதைவு நோய்க்கான ஆராய்ச்சித் தொண்டு நிறுவனம். 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கியது. மனச்சிதைவு நோயில் உலகம் கவனிக்கும் ஆய்வுகள் அங்கிருந்து வந்திருக்கின்றன. காப்சி என்ற ஆய்வு 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் மூன்று இடங்களிலும் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் மனச்சிதைவு நோயாளிகளை வீட்டுக்கே போய்க் கவனித்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு அறிகுறிகளிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் ஓரளவு முன்னேற்றம் அதிகம். மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்களைப் பற்றிய இன்ட்ரெபிட் என்ற இன்னொரு ஆய்வு காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதி, நைஜீரியாவின் இபாதான், டிரினிடாட் மூன்றையும் சேர்த்து நடந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரி தலைமையில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிதி. செங்காந்தள், உங்கள் கேள்வி இந்த வரிசையில் நேராகப் போய் உட்காருகிறது. கோவாவில் சங்கத் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது, 1996-ல் தொடங்கியது. மருத்துவர் அல்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து மனச்சோர்வுக்கு ஆலோசனை தர வைக்க முடியுமா என்பதை வருடக்கணக்காக ஆராய்ந்தவர்கள் அவர்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தொண்டு நிறுவனம் வேலையும் களமும் தரும், பட்டம் பல்கலைக்கழகத்தில்தான். அதனால் சேரும்போதே கேளுங்கள்: பதிவு எந்தப் பல்கலைக்கழகத்தில், கைடு யார், புராஜெக்ட் மூன்று வருடத்தில் முடிந்தால் மிச்சக் காலத்துக்குப் பணம் எங்கிருந்து, சேகரித்த தரவை என் ஆய்வேட்டில் பயன்படுத்த எழுத்தில் அனுமதி உண்டா. கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலருக்குக் கூச்சம். கேட்காமல் போனால் வேறொருவரின் ஆய்வுக்குத் தரவு சேர்த்துக் கொடுத்ததோடு முடிந்துவிடும்.

நல்லூர்வாசி:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உளநலத் துறையில் உளசமூகப் பணியாளராக இருக்கிறேன். செங்காந்தள் அக்கா கேட்ட கேள்வியேதான் எனக்கும், ஆனால் நெட், ஜேஆர்எஃப் எதுவும் எங்களுக்குப் பொருந்தாது. வெளிநாட்டுப் புலமைப்பரிசில்தான் வழி. தெரிந்தவர்கள் அதைப் பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இழையில் எல்லாரும் சிகிச்சையைப் பற்றியே பேசுகிறீர்கள். பொது உளநலம் அதைவிடப் பெரிது. எங்கள் நாட்டில் 1995-ல் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 47 பேர் அளவில் இருந்தது, உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. அந்த வருடம் மிகக் கொடிய நச்சுப் பூச்சிமருந்துகளை நிறுத்தினார்கள். 1998-ல் என்டோசல்ஃபானைத் தடை செய்தார்கள். 2008-க்கும் 2011-க்கும் இடையில் பாரகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியோன் படிப்படியாக விலக்கப்பட்டன. விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. நெல் விளைச்சல் விழவில்லை. பூச்சிமருந்துகளுக்கான ஒரு பதிவாளர் கையெழுத்திட்ட ஒழுங்குவிதி எத்தனையோ ஆயிரம் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதை அளந்து, நிறுவி, உலகத்துக்குச் சொன்னதும் ஆராய்ச்சிதான். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பூச்சிமருந்துத் தற்கொலைத் தடுப்புக்கென்றே ஒரு மையம் 2017-ல் வந்தது, அதன் வேர் இலங்கையில் செய்த வேலையில்தான் இருக்கிறது. மருத்துவர், உளவியலாளர் மட்டும்தான் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்றில்லை என்பதற்காகச் சொல்கிறேன். விவசாயம் படித்தவரும், சட்டம் படித்தவரும், புள்ளிவிவரம் படித்தவரும் வரலாம்.

வைகைக்கரை:

நல்லூர்வாசி, மிக நல்ல பதிவு. இங்கேயும் அதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஒரு கிடங்கில், பூட்டுள்ள பெட்டிகளில் வைத்தால் என்ன ஆகும் என்று ஓர் ஆய்வு நடந்தது. தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு செய்தது, 2013-ல் வெளிவந்தது. விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதே முக்கியமான முடிவு. இந்த மாதிரி ஆய்வுக்கு ஸ்கேன் இயந்திரமோ பெரிய ஆய்வகமோ வேண்டியதில்லை. ஊர் நம்ப வேண்டும், அதுதான் கஷ்டம்.

வடகடல்:

வெளிநாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். நெதர்லாந்தில் பொதுச் சுகாதாரத்தில் பிஎச்டி முடித்து இப்போது இங்கிலாந்தில் வேலை. நல்லூர்வாசிக்கும் செங்காந்தளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நெதர்லாந்து, நோர்வே, சுவீடன், டென்மார்க் மாதிரி நாடுகளில் பிஎச்டி என்பது வேலை. விளம்பரம் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வரும், ஒப்பந்தம் போடுவார்கள், சம்பளம், விடுப்பு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் உண்டு. எந்த நாட்டவர் என்பதற்காகக் கட்டணம் அதிகமாகாது. ஜெர்மனியிலும் புராஜெக்ட் பணியிடங்கள் இப்படித்தான், பெரும்பாலும் பகுதிச் சம்பளம். குடும்பம் உள்ளவர்கள் முதலில் இங்கே தேடச் சொல்வேன். ஆனால் இந்த இடங்களில் தலைப்பு முன்கூட்டியே முடிவாகியிருக்கும். உங்கள் கேள்வியைக் கொண்டுபோய் அங்கே வைக்க முடியாது, அவர்கள் கேள்விக்கு நீங்கள் பொருந்த வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி க்யூரி முனைவர் வலையமைப்புகளை, அதாவது பல நிறுவனங்கள் சேர்ந்து தரும் பிஎச்டி பணியிடங்களை, கட்டாயம் பாருங்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே முனைவர் பட்டம் இருக்கக் கூடாது. வேலை கொடுக்கும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. ஊரில் இருந்தபடி விண்ணப்பிக்கிறவர்களுக்கு இது சாதகம்.

இங்கிலாந்து கொஞ்சம் சிக்கல், ஆனால் பொது மனநலத்தில் வேலை மிக அதிகமாக நடக்கும் இடமும் அதுதான். தேசிய சுகாதார ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச்ஆரின் பொதுச் சுகாதார ஆராய்ச்சிப் பள்ளியில் பொது மனநலத்துக்குத் தனித் திட்டம் இருந்தது. கிங்ஸ் கல்லூரியில் சமூகமும் மனநலமும் பற்றிய மையம் 2020-ல் வந்தது. சிக்கல் கட்டணத்தில். 'முழு நிதி' என்று தலைப்பில் போட்டிருப்பார்கள், உள்ளே பார்த்தால் உள்நாட்டுக் கட்டணம் மட்டும் தருவார்கள். வெளிநாட்டு மாணவருக்கு அதைப் போலப் பல மடங்கு. மிச்சத்தை யார் கட்டுவது என்று கேளுங்கள். பிரிட்டிஷ் அரசின் ஆராய்ச்சி நிதியமைப்பான யுகேஆர்ஐயின் நிதி என்றால் அந்த வித்தியாசத்தை மாணவரிடம் வாங்கக் கூடாது என்பது விதி. 2021-லிருந்து அந்த நிதியில் வரும் இடங்களில் 30 விழுக்காடு வரை வெளிநாட்டவருக்குத் தரலாம், அதனால் போட்டியும் அதிகம். 2025-26-ல் அதன் குறைந்தபட்ச உதவித்தொகை வருடத்துக்கு 20,780 பவுண்டு. லண்டனில் குழந்தையோடு அதில் காலம் தள்ளுவது கடினம், லீட்ஸிலோ ஷெஃபீல்டிலோ சமாளிக்கலாம். விசாவோடு சுகாதாரக் கூடுதல் கட்டணம் மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண்டு, படிப்புக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். இதைப் பல உதவித்தொகைகள் தருவதில்லை. 2024 ஜனவரிக்குப் பிறகு எம்எஸ்சி படிப்பவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது, பிஎச்டி மாணவர்கள் அழைத்துவரலாம். செங்காந்தள் மகளை விட்டு வர வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவில் ஆர்டிபி என்ற அரசு உதவித்தொகை கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும். 2025-ல் அதன் அடிப்படைத் தொகை 33,511 ஆஸ்திரேலிய டாலர். அங்கே முதலில் கைடு ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகுதான் விண்ணப்பம். சொந்தக் கேள்வியோடு வருகிறவர்களுக்கு இது நல்ல இடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொதுச் சுகாதாரப் பள்ளியில் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. பெயர் பெற்ற இடம். ஆனால் அந்த நாட்டு அரசின் டி32 பயிற்சி நிதி குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். 2025-ல் அந்த நாட்டின் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச்சின் நிதி வெட்டுகளுக்குப் பிறகு மற்ற நிதியும் இறுகிவிட்டது. இப்போதைக்கு அதை முதல் தேர்வாக வைக்க வேண்டாம்.

கருவேலங்காடு:

நான் ஒரு மனக்கசப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டியலையெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் ஊர் நோயாளியைப் பற்றி லண்டனில் ஆய்வேடு எழுதி, ஆங்கிலப் பத்திரிகையில் போட்டு, கடைசியில் அந்த மருமகளுக்கு என்ன மாறியது? ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டிய ஒரு மனநலக் காப்பகத்தில், 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். அதற்கு முன்னால் ஆய்வு என்று அங்கே போய் வந்தவர்கள் எத்தனை பேர். மாவட்டத்தில் நல்ல சமூகப்பணியாளர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அவர்களும் பிஎச்டிக்குப் போய்விட்டால் முகாமை யார் நடத்துவது? முடித்துவிட்டு வந்தால் வேலை எங்கே? அரசு மனநலத் திட்டத்தில் பிஎச்டிக்கு என்று ஒரு பதவி இருக்கிறதா?

கொடிமுல்லை:

கருவேலங்காடு, வேலை பற்றி நீங்கள் சொல்வது உண்மை. மாவட்டத் திட்டத்தில் அப்படி ஒரு பதவி கிடையாது. முடித்தவர்கள் கல்லூரிக்கோ ஆய்வு நிறுவனத்துக்கோதான் போகிறார்கள்.

ஆனால் ஏர்வாடியை வைத்து ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அந்தத் தீக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017 மனநலச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். சட்டம் வந்துவிட்டது. ஒரு குடும்பம் ஏன் தர்காவுக்கோ கோயிலுக்கோ அழைத்துப் போகிறது, மருத்துவமனைக்கு வந்த பிறகும் ஏன் திரும்பப் போகிறது என்பதற்குப் பதில் சட்டத்தில் இல்லை. அதை யாராவது பொறுமையாக உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். முகாமில் வேலை பார்த்த ஒருவர் கேட்டால் கிடைக்கும் பதில் வேறு, வெளியிலிருந்து கேள்வித்தாளோடு வருகிறவருக்குக் கிடைக்கும் பதில் வேறு. இது செங்காந்தள் செய்ய வேண்டிய வேலை என்றே நினைக்கிறேன்.

தாமிரபரணித் தம்பி:

நான் ஆய்வாளன் இல்லை. என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய், பல வருடமாக நானும் அம்மாவும்தான் பார்த்துக்கொள்கிறோம். இந்த இழையை முழுக்கப் படித்தேன். ஒரு கோரிக்கை.

எங்கள் வீட்டுக்கு ஆய்வு என்று பல பேர் வந்திருக்கிறார்கள். எல்லாரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். அம்மா ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வார், சொல்லி முடித்த அன்று ராத்திரி சாப்பிட மாட்டார். ஆய்வு என்ன ஆனது, நாங்கள் சொன்னது எதற்காவது பயன்பட்டதா என்று ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை. நீங்கள் பணத்துக்கு எழுதும்போது, முடிவுகளைக் குடும்பங்களிடம் தமிழில் திரும்பச் சொல்வதற்கும் ஒரு செலவைச் சேர்த்து எழுத முடியுமா? ஒரு நாள் கூலியை விட்டு வருகிறவர்களுக்கு அந்தக் கூலியையும் பஸ் காசையும் சேர்த்து எழுத முடியுமா?

அக்கா, அந்த மருமகள் தூங்கிக்கொண்டே இருப்பதைப் பற்றி எழுதினீர்களே, எங்கள் வீட்டிலும் அதேதான். மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம் என்பதே எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. டாக்டர் பார்க்கும் மூன்று நிமிடத்தில் அதைக் கேட்கவும் முடியாது.

நிர்வாகக் குழு:

ஒரு சின்ன நினைவூட்டல். களப் பணியாளர்கள் எழுதும்போது நோயாளியை அடையாளம் காட்டும் விவரங்கள், ஊர்ப் பெயர் போன்றவற்றைத் தவிர்க்கவும். இதுவரை எல்லாரும் கவனமாகவே எழுதியிருக்கிறீர்கள், நன்றி.

வடகடல்:

தம்பி கேட்ட இரண்டையும் எழுத முடியும், எழுதவும் வேண்டும். இங்கிலாந்தில் பல நிதியமைப்புகள் நோயாளிகளையும் குடும்பத்தையும் ஆய்வின் திட்டமிடலிலேயே எப்படிச் சேர்த்தீர்கள் என்று விண்ணப்பத்தில் தனிப் பகுதியாகவே கேட்கின்றன, அதற்கான செலவை ஏற்கவும் செய்கின்றன. என்ஐஎச்ஆர் இதில் மிகக் கண்டிப்பு. செங்காந்தள், தம்பியைப் போன்ற நாலு குடும்பங்களை அழைத்துக் கேள்விகளைக் காட்டி, எது வேண்டும் எது வேண்டாம் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். விண்ணப்பம் தானாகவே பலப்படும்.

களச் செலவையும் தனியாகக் கேளுங்கள். உதவித்தொகை உங்கள் சாப்பாட்டுக்கு. பயணம், குரல் பதிவை எழுத்தாக்குவது, மொழிபெயர்ப்பு, இதெல்லாம் வேறு தலைப்பில் வர வேண்டும். ஒரு மணி நேரப் பேட்டியைத் தட்டச்சு செய்ய ஒரு முழு நாள் ஆகும் என்பதை விண்ணப்பம் எழுதும்போது யாரும் நினைப்பதில்லை.

எழில்வேந்தன்:

எஸ்சி பிரிவு மாணவர்களுக்கு இரண்டு தகவல். ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பிஎச்டிக்கும் உண்டு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வயது 35-க்குள். ஆனால் 2022-23 வழிகாட்டுதலில் ஒரு வரி சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூகவியல் ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்தத் தொகை கிடையாது. பொது மனநலத்தில் நம்மவர்கள் எடுக்கும் தலைப்பு பெரும்பாலும் இந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். சாதியும் தற்கொலையும் பற்றி ஆராய நினைக்கும் ஒரு தலித் மாணவருக்கு இந்தக் கதவு சாத்தப்படுவது பெரிய அநியாயம், இதை நான் வெளிப்படையாகவே சொல்வேன். அந்த வருடத்து வழிகாட்டுதலை வரிக்கு வரி படித்துவிட்டு, ஆய்வின் பொதுச் சுகாதார முறையியலை முன்னால் வைத்துத் தலைப்பை எழுதுங்கள்.

இரண்டாவது, தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை மூலம் வருகிறது. ஒன்றிய உதவித்தொகை இல்லையென்றால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காமல் இதற்கும் எழுதிப் பாருங்கள்.

செங்காந்தள்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தாமிரபரணித் தம்பி, உங்கள் பதிவை இரண்டு மூன்று முறை படித்தேன். நான் கேள்விகளை எழுதியதும் முதலில் உங்களிடம்தான் காட்டுவேன், அம்மாவுக்குச் சம்மதம் என்றால் மட்டும்.

கருவேலங்காடு அண்ணா, முகாமை யார் நடத்துவது என்று கேட்டீர்கள். அதே கவலை எனக்கும் இருக்கிறது. அதனால் முழு நேரமாக வெளியே போகாமல் வேலையோடு பகுதி நேரமாகச் செய்ய முடியுமா என்றும் யோசிக்கிறேன். அப்புறம், எங்கள் பதிவேடுகளில் சில வருடத்து வருகைக் கணக்கு இருக்கிறது. யார் எந்த மாதம் நின்றார்கள் என்று அதிலிருந்தே எடுக்கலாம். அதை ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா?

வைகைக்கரை:

பகுதி நேரம்: 2022 யுஜிசி விதிமுறைகளில் பகுதி நேர பிஎச்டிக்கு இடம் உண்டு. வேலை கொடுப்பவரிடமிருந்து ஆட்சேபனையில்லாச் சான்று வேண்டும், உங்கள் பணி ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க இடம் தரும் என்று அதில் இருக்க வேண்டும். ஆனால் பகுதி நேரத்துக்கு ஜேஆர்எஃப் கிடையாது. உங்களுக்குச் சம்பளம் தொடரும், அதுதான் நிதி. ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்படுவதால் நடுவில் நின்றால் என்ன செய்வது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். காலம் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடத் தளர்வும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் அதே விதிமுறையில் இருக்கின்றன.

பதிவேடு: அது தங்கம். ஆனால் அங்கே வேலை பார்க்கிறீர்கள் என்பதற்காக அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாது. துறையின் எழுத்து அனுமதியும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இரண்டும் வேண்டும். பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் நீக்கிய பிறகே உங்கள் கணினிக்கு வர வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இந்தியாவில் தரவு எடுப்பதாக இருந்தால், வெளிநாட்டு நிதியோ கூட்டாய்வோ உள்ள சுகாதார ஆய்வுகளுக்கு ஐசிஎம்ஆர் வழியாகப் போகும் சுகாதார அமைச்சகத் திரையிடல் குழுவின் அனுமதியும் தேவைப்படலாம். அது மாதக்கணக்கில் இழுக்கும். நான்கு வருட உதவித்தொகையில் முதல் வருடம் அதிலேயே போய்விட்டவர்கள் உண்டு. அதனால் வெளிநாட்டு கைடிடம் பேசும் முதல் கடிதத்திலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

ஆய்வை இரண்டு பகுதியாக வைக்கலாம். பதிவேட்டிலிருந்து யார் எப்போது நிற்கிறார்கள் என்ற கணக்கு ஒன்று. அப்படி நின்றவர்களில் சில குடும்பங்களோடு நீண்ட உரையாடல் இன்னொன்று. முதல் பகுதிக்குப் புள்ளிவிவரம் தெரிந்த ஒருவர் இணைக் கைடாக வேண்டும். தூரம், மருந்து இருப்பு, கூலி, பக்கவிளைவு ஒவ்வொன்றும் எந்த மாதத்தில் ஆளை வெளியே தள்ளுகிறது என்று காட்டினால், மாவட்டத் திட்டம் எங்கே கை வைக்க வேண்டும் என்று அதிகாரிக்கும் புரியும்.

நல்லூர்வாசி:

வடகடல் அண்ணாவுக்கு நன்றி. ஆஸ்திரேலியாவுக்கும் மரி க்யூரிக்கும் எழுதிப் பார்க்கிறேன். மேற்பார்வையாளருக்கு முதல் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? எங்கள் ஆட்கள் வழக்கமாக நீண்ட சுயவிபரத்தை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள்.

வடகடல்:

அரைப் பக்கம் போதும். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் எந்த இடம் உங்கள் களத்தோடு ஒட்டுகிறது, எந்த இடம் ஒட்டவில்லை என்று இரண்டு வாக்கியம். உங்கள் கேள்வி ஒரு வாக்கியம். நீங்கள் எங்கே என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று இரண்டு வாக்கியம். எந்த உதவித்தொகைக்கு, எந்தச் சுற்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று ஒரு வாக்கியம். களத்தில் போருக்குப் பிந்தைய ஒரு சமூகத்தோடு வேலை செய்கிற அனுபவம் உங்களிடம் இருக்கிறது, அதைப் பணிவு என்ற பெயரில் கடைசி வரிக்குத் தள்ள வேண்டாம். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம், தப்பில்லை.

செங்காந்தள்:

முடிவு செய்துவிட்டேன். அடுத்த நெட் சுற்றுக்குச் சமூகப்பணிப் பாடத்தில் விண்ணப்பிக்கிறேன். அதே நேரத்தில் கொடிமுல்லை அக்கா சொன்ன மாதிரி புராஜெக்ட் வழியாகவும் இரண்டு இடத்துக்கு எழுதுகிறேன். ஜேஆர்எஃப் வந்தால் முழு நேரம், வராவிட்டால் வேலையோடு பகுதி நேரம். என் சாதிச் சான்றிதழ் எம்பிசி என்று இருக்கிறது. நெட் விண்ணப்பத்தில் அந்தப் பிரிவே காணோம், எதைத் தேர்ந்தெடுப்பது?

வைகைக்கரை:

உங்கள் சாதி ஒன்றிய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஓபிசி, கிரீமிலேயர் (வசதி படைத்தோர்) அல்லாதோர் என்ற பிரிவு. தமிழ்நாடு அரசின் பிசி, எம்பிசி சான்றிதழ் அதற்குச் செல்லாது. ஒன்றிய அரசின் படிவத்தில் தனியாக ஓபிசி சான்று வாங்க வேண்டும், தாசில்தார் அலுவலகம் வழியாக இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் வருமான விவரமும் கேட்பார்கள். பழைய நிதியாண்டுச் சான்று இருந்தால் புதிதாக வாங்கிவிடுங்கள். விண்ணப்பக் கடைசி வாரத்தில் போனால் கிடைக்காது, இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.